வேண்டாம் என்ற பிரதமர்

ஐரோப்பாவின் எல்லைக் கோடுகள் – 9

சென்ற வாரம் டியூபெல் மேட்டில் நிறுத்தியிருந்தோம். 1863 நவம்பரில் ஷ்லெஸ்விக்கைத் தன் அரசியல் சட்டத்துக்குள் இழுத்துக்கொள்ளப் பார்த்தது டென்மார்க். அதையே சாக்காக வைத்துப் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் படையெடுத்தன. 1864 ஏப்ரல் 18 அன்று டியூபெல் அரண்கள் விழுந்தன. நடுவில் லண்டனில் ஒரு மாநாடு கூடி, ஷ்லெஸ்விக்கை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாமே என்று பேசியது. எங்கே பிரிப்பது என்பதில் டேனியர்கள் இறங்கி வரவில்லை. பேச்சு முறிந்தது, மறுபடியும் போர், மறுபடியும் தோல்வி. அக்டோபர் 30 அன்று வியன்னாவில் கையெழுத்துப் போட்டபோது ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன், லௌவன்பர்க் என மூன்று சிற்றரசுகளும் முழுதாகக் கைவிட்டுப் போயிருந்தன.

பாதியைக் கொடுக்க மனமில்லாமல் முழுவதையும் தோற்றார்கள். அந்தக் கணக்கு ஐம்பத்தாறு ஆண்டுகள் கழித்து மீண்டும் மேசைக்கு வந்தது. இம்முறை கொடுப்பது பற்றிய பேச்சு இல்லை. எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி.

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியிடமிருந்து ஐரோப்பாவில் பல துண்டுகளை வெட்டி எடுத்தது வெர்சாய் ஒப்பந்தம். அல்சேஸ் லொரைன், யூபென் மால்மெடி, போலந்துக்குப் போன பகுதிகள், டான்சிக், மெமல் என்று பட்டியல் நீளும். 1939, 1940 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஹிட்லர் இவற்றையெல்லாம் திரும்பப் பிடித்துக்கொண்டார். அவர் கை வைக்காத வெர்சாய் எல்லை ஒன்றே ஒன்றுதான்: டென்மார்க்குடனானது. நாட்டையே ஆக்கிரமித்திருந்தபோதும் அந்தக் கோட்டை அவர் நகர்த்தவில்லை. 1945-க்குப் பிறகும் நகரவில்லை. இதற்குக் காரணம் கேட்டால், பெரும்பாலான புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடும்: மக்களைக் கேட்டு முடிவு செய்தார்கள், அதனால் நிலைத்தது. இந்த விடை எனக்குப் போதவில்லை. வாக்கெடுப்பு நடந்த இடங்கள் வேறும் உண்டு. அங்கெல்லாம் ரத்தம் நின்றுவிடவில்லை. ஷ்லெஸ்விக்கில் எல்லையை நிலைநிறுத்தியது, எடுக்க வாய்ப்பிருந்தும் ஒரு தரப்பு எடுக்க மறுத்த நிலம் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். அது சரியா என்று பார்க்க 1866-க்குக் கொஞ்சம் பின்னே போகவேண்டும்.

மறக்கடிக்கப்பட்ட ஐந்தாம் பிரிவு

டென்மார்க்கைத் தோற்கடித்த கூட்டாளிகள் இரண்டே ஆண்டில் தங்களுக்குள் மோதிக்கொண்டனர். பிரஷ்யா வென்றது. 1866-இல் பிராக் நகரில் எழுதிய சமாதான ஒப்பந்தத்தில், பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் வற்புறுத்தலால் ஐந்தாம் பிரிவு நுழைந்தது. வட ஷ்லெஸ்விக் மக்கள் சுதந்திரமாக வாக்களித்து டென்மார்க்கோடு சேர விரும்பினால் அப்பகுதியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றது அது. எப்போது வாக்கெடுப்பு என்று தேதி போடவில்லை. பிஸ்மார்க் போன்ற ஒருவரிடம் தேதி இல்லாத வாக்குறுதியைக் கொடுத்தால் என்ன ஆகும்? 1878-இல் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் பேசி அந்தப் பிரிவையே நீக்கின. அடுத்த ஆண்டு அறிவித்தன. டென்மார்க்கை யாரும் கேட்கவில்லை.

காகிதத்தில் அழிந்தது, ஊர்களில் அழியவில்லை. முதல் உலகப் போரில் வட ஷ்லெஸ்விக்கைச் சேர்ந்த சுமார் 30,000 பேர் ஜெர்மன் சீருடையில் போருக்குப் போனார்கள். 5,000-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அவர்களில் பலர் வீட்டில் டேனியப் பேச்சும் டேனிய மனமும் உடையவர்கள். 1918 அக்டோபர் 23 அன்று, போர் முடியும் தறுவாயில், பெர்லின் நாடாளுமன்றத்தில் அவர்களுடைய உறுப்பினர் ஹான்ஸ் பீட்டர் ஹான்சன் எழுந்து அந்தப் பழைய ஐந்தாம் பிரிவை நினைவூட்டினார். நவம்பரில் ஓபன்ரோ நகரில் கூடிய டேனியத் தலைவர்கள் வட ஷ்லெஸ்விக்குக்கு ஒரே தொகுதியாக வாக்கெடுப்பு வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இந்தத் தீர்மானத்தின் தெற்கு எல்லையைக் கவனியுங்கள். ஷ்லெஸ்விக்கின் பெரிய நகரமான ஃபிளென்ஸ்பர்க்குக்கு வடக்கோடு அது நின்றுவிட்டது.

அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஹான்ஸ் விக்டர் கிளௌசன் என்ற வரலாற்று ஆசிரியர் இருந்தார். 1890-களின் தொடக்கத்திலேயே ஊர் ஊராகச் சுற்றி, எங்கே எந்த மொழியில் பேசுகிறார்கள், எந்த மொழியில் ஜெபிக்கிறார்கள், யாரோடு இருக்க விரும்புகிறார்கள் என்று பார்த்து வரைந்த கோடு அது. முக்கியமான ஓர் உண்மை அவருக்குப் பிடிபட்டிருந்தது. நடு ஷ்லெஸ்விக் கிராமங்களில் டேனிய வட்டாரப் பேச்சைப் பேசிக்கொண்டே தங்களை ஜெர்மானியர் என்று எண்ணியவர்கள் ஏராளம். மொழி வரைபடத்தை மட்டும் நம்பிக் கோடு போட்டிருந்தால் தப்பாகப் போயிருக்கும்.

பாரிஸில் காற்று டென்மார்க்குக்குச் சாதகமாக வீசியது. ஜெர்மனியை எவ்வளவு வெட்டினாலும் பிரான்ஸுக்கு மகிழ்ச்சி. கோபன்ஹேகனின் தேசியவாதிகளோ ஃபிளென்ஸ்பர்க் வேண்டும் என்றார்கள். இன்னும் சிலர் பழங்கால மண் அரணான டானவிர்க்கே வரை வேண்டும் என்றார்கள். 1919 மே 7 அன்று ஜெர்மன் தூதுக்குழுவிடம் கொடுக்கப்பட்ட வரைவில் மூன்று வாக்கு மண்டலங்கள் இருந்தன. முதலாவது கிளௌசன் கோட்டோடு நின்றது, இரண்டாவது ஃபிளென்ஸ்பர்க்கைச் சேர்த்துக்கொண்டது, மூன்றாவது மண்டலம் டானவிர்க்கே வரை போனது. அப்போது டென்மார்க்கின் பிரதமர் கார்ல் தியோடர் சாலே. ரோஸ்கில்டில் ஒரு செருப்புத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து வழக்கறிஞரானவர். பெண்களுக்கு வாக்குரிமை தந்த 1915 அரசியல் சட்டம் அவர் ஆட்சியில் வந்தது. மூன்றாவது மண்டலம் எங்களுக்கு வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று அவர் அரசு பாரிஸைக் கேட்டது. எடுத்துவிட்டார்கள். கூடுதல் நிலத்தைக் கேட்டு எல்லோரும் வரிசையில் நின்ற அந்தப் பாரிஸில், குறைத்துக் கொடுங்கள் என்று விண்ணப்பித்த அரசு வேறு இருந்ததா என்று தேடிப் பார்க்கலாம்.

இரண்டு விதிகளுக்கு நடுவே

1920 ஜனவரி 10 அன்று ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. ஜெர்மன் படையும் உயர் அதிகாரிகளும் வெளியேற, பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் வந்தன. ஃபிளென்ஸ்பர்க்கில் சர்வதேச ஆணையம் அமர்ந்தது. தலைவர் பிரிட்டனின் சர் சார்லஸ் மார்லிங். பிரான்ஸின் பிரதிநிதி கவிஞர் பால் குளோதெல். ஸ்வீடனின் பிரதிநிதி ஆஸ்கர் வான் சிடோ மறுவருடமே தன் நாட்டின் பிரதமரானார். வாக்குரிமை 20 வயது நிறைந்த ஆண், பெண் இருபாலருக்கும் உண்டு. அந்த மண்ணில் பிறந்து வேறெங்கோ வாழ்பவர்களும் வந்து வாக்களிக்கலாம். ரயில் ரயிலாக, கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். சுவரெல்லாம் சுவரொட்டி. இன்றும் அருங்காட்சியகங்களில் காணக்கிடைக்கும் ஒரு டேனியச் சுவரொட்டியில் குழந்தை ஒன்று தன் தாயைப் பார்த்து, டென்மார்க்குக்கு வாக்களி, என்னை நினைத்துப் பார் என்று கேட்கிறது. போர் முற்றுகையால் பட்டினி கிடந்த ஜெர்மனியில், வெண்ணெயும் இறைச்சியும் மிகுந்த டென்மார்க் சொல்லும் இந்த வாக்கியத்துக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

முதல் மண்டலத்தில் பிப்ரவரி 10. அங்கே விதி, மொத்த மண்டலத்துக்கும் ஒரே முடிவு. டென்மார்க்குக்கு 75,431, ஜெர்மனிக்கு 25,329. நூற்றுக்கு 75 என்பது சந்தேகத்துக்கு இடமில்லாத முடிவு. இரண்டாவது மண்டலத்தில் மார்ச் 14. அங்கே விதி வேறு: ஊராட்சி வாரியாக எண்ணி அதற்கேற்பக் கோடு போடவேண்டும். ஏறத்தாழ 80 விழுக்காடு ஜெர்மனிக்கு. ஃபிளென்ஸ்பர்க் நகரில் நான்கில் மூன்று பங்கு ஜெர்மனிக்கு. மண்டலம் முழுவதிலும் டேனியப் பெரும்பான்மை கிடைத்தவை ஃபோர் தீவின் மூன்று சிற்றூர்கள் மட்டுமே. அவையும் எல்லையை ஒட்டியிருக்கவில்லை. பசித்த வயிறோடு போன நகரம் வெண்ணெய்க்கு வாக்களிக்கவில்லை.

இங்கேதான் நான் வாசகர்களை ஒரு கூட்டல் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். இரண்டு மண்டலங்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே தொகுதியாக எண்ணியிருந்தால்? டென்மார்க்குக்குச் சுமார் 88,000, ஜெர்மனிக்குச் சுமார் 77,000. டென்மார்க் வென்றிருக்கும்! சட்டப்படி, மக்கள் தீர்ப்புப்படி, ஃபிளென்ஸ்பர்க் டேனிய நகரமாகியிருக்கும். அதே மக்கள், அதே வாக்குச் சீட்டுகள், வேறு எல்லை. மக்களைக் கேட்டு முடிவு செய்தார்கள் என்ற வாக்கியம் இந்த இடத்தில் தள்ளாடுகிறது. எந்த மக்களை, எந்த எல்லைக்குள் நிறுத்திக் கேட்பது என்பதை வாக்குப்பெட்டி தீர்மானிப்பதில்லை. பெட்டி வைப்பதற்கு முன்பே அதை யாரோ தீர்மானித்துவிடுகிறார்கள். 1918-இல் ஓபன்ரோவில் கூடியவர்களும், 1919-இல் சாலேயும் அதை ஃபிளென்ஸ்பர்க்குக்கு வடக்கே தீர்மானித்திருந்தார்கள். ஒன்றாகச் சேர்த்திருந்தால் புதிய நிலத்தில் வாக்களித்தவர்களில் 100-க்கு 47 பேர் டென்மார்க்கை வேண்டாம் என்றவர்களாக இருந்திருப்பார்கள். அப்படி ஒரு வெற்றியை எத்தனை ஆண்டு காப்பாற்ற முடியும்?

ஈஸ்டர் வாரம்

கோபன்ஹேகனில் இந்தக் கணக்கை எல்லோரும் இப்படிப் பார்க்கவில்லை. மன்னர் பத்தாம் கிறிஸ்டியன் நிச்சயமாகப் பார்க்கவில்லை. 1864-இல் ஷ்லெஸ்விக்கை இழந்தவர் அவருடைய பாட்டனார் ஒன்பதாம் கிறிஸ்டியன். தோற்றது குடும்பக் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. ஃபிளென்ஸ்பர்க் ஜெர்மனிக்கு வாக்களித்தாலும் பரவாயில்லை, நகரத்தை எப்படியாவது டென்மார்க்கோடு சேர்க்கவேண்டும், முடியாவிட்டால் சர்வதேச ஆட்சியின் கீழாவது வைக்கவேண்டும் என்று தெருக்களில் முழங்கிய கட்சிகளும் செய்தித்தாள்களும் அவர் காதுக்கு இனிமையாக இருந்தன. சாலே அசையவில்லை. வாக்கு எண்ணி முடிந்த பிறகு அதை மீறி எடுப்பது, 1864-இல் நமக்குச் செய்ததை நாமே திருப்பிச் செய்வதாகும் என்பது அவர் தரப்பு நியாயம்.

1920 மார்ச் 29, திங்கட்கிழமை. ஈஸ்டருக்கு முந்தைய வாரம். மன்னர் பிரதமரை அழைத்தார். தேர்தலை அறிவிப்பீர்களா என்று கேட்டார். புதிய தேர்தல் சட்டம் நிறைவேறட்டும், பிறகு அறிவிக்கலாம் என்றார் சாலே. அப்படியானால் பதவி விலகுங்கள் என்றார் மன்னர். சாலேயின் பெரும்பான்மை ஊசலாடிக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் நாடாளுமன்றம் அவருக்கு எதிராக எந்தத் தீர்மானத்தையும் நிறைவேற்றவில்லை. மாற்று ஏற்பாடு ஆகும்வரை இடைக்கால அரசாக இருங்கள் என்ற வழக்கமான கோரிக்கையையும் சாலே மறுத்துவிட்டார். நீங்கள் இடித்தது, நீங்களே முட்டுக் கொடுங்கள் என்பது போல. மன்னர் ஓட்டோ லீபே என்ற வழக்கறிஞரைப் பிடித்துப் பிரதமராக்கினார். நாடாளுமன்றத்தில் அவருக்கு ஆதரவு இல்லை.

தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் என்றன. அரண்மனை முன்னே கூட்டம் திரண்டது. குடியரசு என்ற கோஷம் கேட்டது. மூன்று ஆண்டுகளுக்குள் ரஷ்யாவிலும் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் முடிகள் உருண்டதை ஐரோப்பாவின் எந்த அரண்மனையும் மறந்திருக்கவில்லை. ஈஸ்டர் முன்னிரவில் தொடங்கிய பேச்சு, ஞாயிறு அதிகாலையில் சமரசத்தில் முடிந்தது. லீபே போனார். இடைக்கால அரசு வந்தது, தேர்தல் சட்டம் நிறைவேறும், தேர்தல் நடக்கும் என்று உடன்பாடு. நாடாளுமன்றத்தை மீறி அரசைக் கவிழ்க்க அதன் பிறகு எந்த டேனிய மன்னரும் துணிந்ததில்லை.

ஏப்ரல் 26 அன்று தேர்தல். சாலேயின் கட்சி படுதோல்வி அடைந்தது. நல்லவன் தோற்றான் என்று நாம் உச்சுக்கொட்டலாம். அதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. ஃபிளென்ஸ்பர்க்குக்காக முழங்கியவர்களின் ஆதரவோடு நீல்ஸ் நீயர்கோர் மே மாதம் பிரதமரானார். அவராலும் கோட்டைத் தெற்கே தள்ள முடியவில்லை. முதல் மண்டலத்தின் தெற்கு விளிம்பே எல்லையானது. ஜூலை 10 அன்று மன்னர் வெள்ளைக் குதிரையில் பழைய எல்லையைத் தாண்டி வந்தார். மறுநாள் டியூபெல் விழாவில், தெற்கே ஜெர்மனியில் தங்கிவிட்ட டேனியர்களை மறக்கமாட்டோம் என்று நீயர்கோர் உறுதி கூறினார். மறக்கமாட்டோம் என்றாரே தவிர, மீட்போம் என்று சொல்லவில்லை.

மறுப்புகள்

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் முதலாவது, விதியே டென்மார்க்குக்குச் சாதகமாக வளைக்கப்பட்டது என்பது. வடக்கில் மொத்தமாக எண்ணு, தெற்கில் ஊர் ஊராக எண்ணு. இது என்ன நியாயம்? உண்மைதான். வடக்கே இருந்தாலும் டோண்டர் நகரம் நான்கில் மூன்று பங்கு ஜெர்மனிக்கு வாக்களித்தது. ஓபன்ரோ, சோண்டர்போர்க் நகரங்களிலும் ஜெர்மன் வாக்கே கொஞ்சம் கூடுதல். மூன்றும் டென்மார்க்குக்குப் போயின. டோண்டர் வட்டாரத்தை ஜெர்மனியோடு வைக்கும் விதமாக யோஹானஸ் டீட்ஜே வரைந்த மாற்றுக் கோடு அலட்சியப்படுத்தத் தக்கது அல்ல. கிளௌசன் கோட்டைவிட அது நியாயமானது என்று ஒருவர் வாதாடினால் என்னால் முழுதாக மறுக்க முடியாது. ஆனால் அநீதியின் அளவைப் பாருங்கள். புதிய டேனிய மண்ணில் எதிர்ப்பு வாக்கு நான்கில் ஒன்று. எல்லையின் மறுபுறத்திலும் ஒரு டேனியச் சிறுபான்மை இருந்தது. இந்தப் பக்கம் ஒருவனைச் சீண்டினால் அந்தப் பக்கம் நம் ஆளுக்கு வலிக்கும் என்ற அச்சம் இரண்டு தலைநகரங்களுக்கும் பொதுவானது.

இரண்டாவது மறுப்பு கடுமையானது. இதெல்லாம் பெருந்தன்மை இல்லை, வெறும் பயம். பெரிய அண்டை நாட்டைச் சிறிய நாடு பகைத்துக்கொள்ளுமா? பயம் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் தேதியைப் பாருங்கள். இரண்டாம் மண்டலம் வாக்களித்ததற்கு முதல் நாள், 1920 மார்ச் 13 அன்று, பெர்லினில் காப் கலகக்காரர்கள் ஆட்சியைப் பிடிக்க, அரசே தலைநகரை விட்டு ஓடியது. அதைவிடப் பலவீனமான ஜெர்மனி கிடைக்காது. பிரான்ஸ் வேறு முதுகில் தட்டிக்கொடுக்கத் தயார். அன்றைய பயம் மட்டும் காரணமென்றால் எடுக்க அதுவே நல்ல நேரம். சாலே பயந்தது அன்றைய ஜெர்மனிக்கு இல்லை. இருபது ஆண்டு கழித்து எழுந்து நிற்கப்போகும் ஜெர்மனிக்கு. அதைப் பயம் என்றாலும் எனக்குச் சம்மதமே. 1864-இல் டென்மார்க்குக்கு அந்தப் பயம் இல்லாமல் போனதுதான் கேடு.

மூன்றாவது: ஷ்லெஸ்விக்கில் என்ன இருந்தது, மாடும் புல்லும்தானே? மேல் சைலீசியாவில் நிலக்கரி இருந்தது, அதனால் அங்கே சண்டை வந்தது என்பார்கள். இதில் பாதி சரி. 1921 மார்ச் 20 அன்று அங்கும் வாக்கெடுப்பு நடந்தது. ஜெர்மனிக்குச் சுமார் 60 விழுக்காடு. மே மாதமே போலந்துத் தரப்பு ஆயுதம் எடுத்தது. அக்டோபரில் சர்வதேச சங்கத்தின் பரிந்துரைப்படி பிரதேசத்தைப் பிளந்தார்கள். இரு பக்கமும் ஏமாற்றப்பட்டதாகவே நினைத்தன. 1939 ஆகஸ்ட் 31 இரவு, போருக்குச் சாக்காக நாஜிகள் போலித் தாக்குதல் நடத்திய கிளைவிட்ஸ் வானொலி நிலையம் அதே மேல் சைலீசியாவில்தான் இருந்தது. நிலக்கரி காரணம், சரி. எந்த வாக்கு எந்த நிலத்தைத் தீர்மானிக்கும் என்று முன்கூட்டியே திட்டவட்டமாகச் சொல்லாமல் விட்டதும், இருதரப்பும் முழுவதையும் கேட்டதும் அதற்குச் சற்றும் குறையாத காரணங்கள். ஃபிளென்ஸ்பர்க் துறைமுகமும் சும்மா கிடைத்தால் வேண்டாம் என்கிற சரக்கு கிடையாது.

ஹிட்லர் விஷயத்தில் மட்டும் நான் அடக்கி வாசிக்கிறேன். 1940 ஏப்ரல் 9 அன்று டென்மார்க்கை ஆக்கிரமித்தபின், வட ஷ்லெஸ்விக் ஜெர்மானியர்கள் எல்லையைத் திருத்தச் சொல்லி நச்சரித்தும் அவர் திருத்தவில்லை. பணிந்துபோகும் டென்மார்க் அவருக்கு வெண்ணெயும் இறைச்சியும் தந்துகொண்டிருந்தது, கலைக்க விருப்பமில்லை. இதில் சாலேக்குப் பெருமை எதுவும் சேராது. ஆனாலும், 75 விழுக்காடு டேனிய மனம் கொண்ட நிலத்தைக் கேட்டு நச்சரிப்பதும், ஜெர்மானியர் நிறைந்த ஃபிளென்ஸ்பர்க்கைக் கேட்டு நச்சரிப்பதும் ஒன்றாகியிருக்காது. அந்த நகரம் 1920 முதல் டேனியக் கொடியின் கீழ் இருந்திருந்தால், அதை மீட்கும் வாக்குறுதி ஹிட்லரின் முதல் மேடைப் பேச்சுகளிலேயே இடம்பெற்றிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டாம்.

அடுத்த வாரம்

மேற்கே ருட்பூல் என்ற சிற்றூரில் இந்த எல்லை தெருவின் நடுவே போகிறது. தெருவின் ஒரு பக்க வீடு டென்மார்க், எதிர் வீடு ஜெர்மனி. 1945-இல் அந்த எதிர் வீடுகளின் பக்கம் எல்லாம் தலைகீழானது. கிழக்கிலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் வந்து ஷ்லெஸ்விக்கில் குவிந்தார்கள். 1920-இல் ஜெர்மனிக்கு வாக்களித்த ஊர்களிலேயே ஆயிரக்கணக்கானவர்கள் திடீரென்று டேனியர்களாகி, எங்களை டென்மார்க்கோடு சேருங்கள் என்று கேட்டார்கள். 1946 செப்டம்பரில் பிரிட்டன் கோபன்ஹேகனுக்கு ஓலை அனுப்பியது: எல்லையைத் திருத்த வேண்டுமா, மக்களை மாற்றிக்கொள்ள வேண்டுமா, மறுபடி வாக்கெடுப்பு வேண்டுமா?

அப்போதைய பிரதமர் குனுட் கிறிஸ்டென்சனின் மனம் தெற்கு நோக்கியே இருந்தது. நாடாளுமன்றத்தின் மனமோ வேறு. அவர் சாலேயைப் போல வேண்டாம் என்றாரா, அல்லது 1920-இல் மன்னர் கேட்டதைத் தானும் கேட்டாரா?